டிரையருக்குப் பூசை

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே வேலவன் ரைஸ் மில்லில் நெல் காயவைக்கிற டிரையர் ஒன்று உண்டு. அதன் முதலாளி அருள்குமார். அதை ஓட்டுகிறவள் அவருடைய மனைவி சிவசங்கரி. இந்த இரண்டையும் அவர் முன்னால் ஒரே மூச்சில் சொன்னால், முதலாவதற்கு மீசையைத் தடவிக்கொள்வார். இரண்டாவதற்கு ஃபோனை எடுத்துக்கொண்டு யாருக்கோ பேசப் போய்விடுவார்.

மில்லில் அவர் செய்கிற ஒரே வேலை ஆயுத பூசை. வருசம் முழுக்க டிரையர் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காத மனிதர், நவராத்திரி வந்துவிட்டால் அதைத் தானே பெற்று வளர்த்த மாதிரி ஆகிவிடுவார். மாலை எவ்வளவு நீளம், சந்தனம் எந்தக் கடையில் நயம், பூசணிக்காயை உடைக்கிறவன் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதிலெல்லாம் அவருக்கு அபார ஞானம். டிரையரில் பெல்ட் எங்கே ஓடுகிறது என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும்.

இந்தப் பக்கத்தில் கன்னி என்று சொல்கிற புரட்டாசி மாதத்து அறுப்பும் ஆயுத பூசையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். கூடவே மழையும் வரும். ஈர நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைக்க வானம் விடாது. சுற்றுவட்டாரத்து நெல்லெல்லாம் டிரையரைத் தேடி வரும். அதற்கு முன்னால் மெஷினைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். மாசக்கணக்கில் சும்மா நின்றதன் வயிற்றில் பழைய நெல் முளைவிட்டுக் கருகிக் கிடக்கும். எலி உள்ளே குடும்பம் நடத்தி, பொழுது போகாமல் வயரையும் கடித்து வைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே தூசி. உமி அடுப்பிலிருந்து வரும் சூட்டுக்காற்றோடு ஒரு பொறி சேர்ந்து வந்து அந்தத் தூசியில் விழுந்தால் நெல்லும் போச்சு, மில்லும் போச்சு. இதைச் சிவசங்கரி வருசா வருசம் சொல்வாள். அருள்குமாரின் பதிலும் வருசா வருசம் ஒன்றுதான்: "ஒண்ணும் ஆகாது."

அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டே மனிதர் பாதி ஆயுசை ஓட்டிவிட்டார். மில் கூரையில் விரிசல் விட்டபோதும் அதைத்தான் சொன்னார், அவருடைய அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோதும் அதைத்தான் சொன்னார். கூரை ஒழுகியது. அப்பா போய்ச் சேர்ந்தார்.

இந்த வருசம் பூசை கொஞ்சம் பெரிய பூசை. பஞ்சாயத்து மெம்பர் வருகிறார். பாடசேகரம் என்கிற வயல் சங்கத்து ஆட்கள் மொத்தமாக வருகிறார்கள். அதனால் டிரையரைச் சுத்தம் பண்ண வேண்டிய நாட்களில் அருள்குமார் அதற்குப் பெயிண்ட் அடித்தார். உடம்பு பச்சை, ஓரமெல்லாம் மஞ்சள். தூரத்தில் இருந்து பார்த்தால் சர்க்கஸ் கூடாரம். வந்த பெயிண்டரும் முதலாளிக்கு ஏற்ற ஆள்தான். சூடு பார்க்கிற மீட்டரின் கண்ணாடிக்கும் ஒரு கோட் அடித்து, காற்று போகிற வலையையும் அடைத்துவிட்டுப் போனான். சிவசங்கரி பிளேடை வைத்து ஒவ்வொன்றாகச் சுரண்டினாள்.

"ஏனுங்க, வெளிய பெயிண்ட் அடிச்சா உள்ள இருக்கற தூசி போயிருமுங்களா?"

"நாலு பெரிய மனுசங்க வர்ற எடம் சங்கரி. பாக்கறதுக்கு லட்சணமா இருக்க வேண்டாமா?"

"லட்சணத்துல நெல்லு காயாதுங்க. மணிகண்டனை வரச்சொல்லித் திறந்து பாத்தரலாமுங்க."

மணிகண்டன் மில்லுக்கு வழக்கமாக வரும் ஃபிட்டர்.

"பெயிண்ட் காயறதுக்குள்ள அவன் ஸ்பேனரை வச்சுச் சொறண்டறதுக்கா? பூசை முடியட்டும், அப்புறம் வரட்டும்."

"பூசைக்கு மறுநாளே நெல்லு வருதுங்க."

"ஒண்ணும் ஆகாது."

இந்த ஆளோடு வாதாடுவது வாயைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டுகிற வேலை என்று சிவசங்கரிக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் இவர் பேசாமல் இருப்பதைப் பார்த்து ஆழமான மனுசன் என்று நினைத்திருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லாததால்தான் சத்தம் வரவில்லை என்று பிறகுதான் புரிந்தது.

பூசையன்று காலையிலேயே தானே டிரையருக்குள் இறங்குவது என்று முடிவு பண்ணினாள். மெம்பர் மத்தியானம்தான் வருவார் என்று பேச்சு. அதற்குள் கூட்டி முடித்து, எண்ணெய் விட்டு, கதவை மூடிவிடலாம். துணைக்கு ராமுத்தாயைக் கூப்பிட்டுக்கொண்டாள். ராமுத்தாய் சூரியநெல்லியில் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவள். புருசன் செத்த பிறகு, இங்கே கட்டிக்கொடுத்த மகளோடு இருக்க மலையிறங்கி வந்து, மில்லில் நெல் அள்ளுகிறாள். வாய் நீளம். ஆனால் சொன்ன இடத்தில் நிற்பாள்.

கதவின் நட்டைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். மில்லில் இருந்த ஸ்பேனர், சுத்தியல், அரிவாள் எல்லாம் முந்தின நாளே பூசைத் தட்டில் ஏறிச் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பூசைக்கு வைத்த ஆயுதத்தைத் தொடக்கூடாது. சிவசங்கரி தொட்டாள். சந்தனம் பூசின ஸ்பேனர் கையில் வழுக்கியதுதான் அதனால் வந்த ஒரே தோசம்.

வீட்டுக்குள் அருள்குமார் பட்டுச்சட்டை ஒன்றை மாற்றி ஒன்று போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"ஏனுங்க, நான் டிரையருக்குள்ள போறனுங்க. நான் வெளிய வந்து சொல்றவரைக்கும் பேனல்கிட்ட யாரையும் விட்றாதீங்க."

"சரி சரி."

"காதுல விழுந்துச்சுங்களா?"

"விழுந்துச்சு. இந்த நெறம் எடுப்பா இருக்குதா பாரு."

எடுப்பாகத்தான் இருந்தது. அவள் ஸ்விட்சுப் பேனலுக்கு நடந்தாள்.

டிரையரின் மெயினை இறக்கினாள். பேனலில் இருந்த பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். மெயினை மறுபடி ஏற்றிவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். மெஷின் அசையவில்லை. மெயினை இறக்கிவிட்டாள். சேலைக்குப் பதில் சுடிதார், அதன்மேல் அருள்குமாரின் பழைய சட்டை, மூக்கைச் சுற்றித் துணி. ராமுத்தாய் பேனலுக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ போ தாயி. நான் இங்ஙனயே குத்தவச்சிருக்கேன். ஒரு பயலைக் கிட்ட விட மாட்டேன்."

டிரையரின் பின்பக்கம், இடுப்பு உயரத்தில், ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு ஒரு கதவு. அதைக் கழற்றி உள்ளே இறங்கினால் நிமிர முடியாது. காலுக்குக் கீழே நீளமான பள்ளம். அதில் படுத்திருப்பது திருகு. காய்ந்த நெல்லைச் சுழற்றிச் சுழற்றித் தள்ளி, முன்பக்கத்து வாய் வழியாக வெளியே கொட்டுவது அதுதான். நெல்லைத் தள்ளுகிறோமா காலைத் தள்ளுகிறோமா என்று அதற்குத் தெரியாது.

திருகின் இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்துக் குந்தியபடி சிவசங்கரி கூட்டத் தொடங்கினாள். அள்ள அள்ளத் தூசி. எலிக்கூடு ஒன்று வந்தது, அதில் பாடசேகரத்துப் பழைய நோட்டீஸ் ஒன்றைக் கிழித்து மெத்தை போட்டிருந்தது. அந்த நோட்டீஸ் இதைவிட நல்ல காரியத்துக்கு எப்போதும் பயன்பட்டதில்லை என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே புழுங்கியது. ஆனாலும் இங்கே இருப்பது ஒரு வகையில் நிம்மதிதான். மில்லில் அருள்குமார் வராத இடம் இது ஒன்றுதான்.

பாதி வேலைகூட முடிந்திருக்காது. வெளியே செண்டை மேளம் கேட்டது.

சிவசங்கரி கையை நிறுத்தினாள். இவ்வளவு சீக்கிரமா? மேளம் ஒரு சுற்று அடித்து ஓய்ந்ததும் தகரத்தின் அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. மெம்பருக்கு வேறு எங்கோ ஒரு திறப்பு விழாவாம். நேரத்தோடு போக வேண்டுமாம். பூசையை முன்னால் இழுத்துவிட்டார்கள். டிரையரின் வயிற்றுக்குள் இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சரி, சாம்பிராணி காட்டிவிட்டுப் போகட்டும், நம் வேலை நம்மோடு என்று அவள் மறுபடி குனிந்தாள். பியூஸ் இடுப்பில் இருக்கிறது. வாளிமேல் ராமுத்தாய் இருக்கிறாள்.

"நீ எதுக்கு இங்க உக்காந்திருக்கற?" அருள்குமாரின் குரல்.

"அம்மா உள்ள கூட்டிக்கிட்டு இருக்காகய்யா. அவுக வர்ற வரைக்கும் இந்த எடத்தை விட்டு அசையக்கூடாதுன்னு..."

"பெரிய மனுசங்க வர்ற நேரத்துல, சாமி காரியத்துல, மின்னாடி வந்து நீ உக்காந்திருந்தா நல்லாவா இருக்குது? எந்திரி. சமையக்கட்டுக்குப் போ."

அவர் சொன்னது ராமுத்தாய்க்குப் புரிந்தது, உள்ளே இருந்த சிவசங்கரிக்கும் புரிந்தது. தாலி இல்லாத கழுத்து நல்ல காரியத்துக்கு எதிரே இருக்கக்கூடாது. இந்த மில்லில் அள்ளிய நெல்லில் பாதி அந்தக் கழுத்துக்காரி தலையில் சுமந்தது. அப்போதெல்லாம் நெல்லுக்குத் தீட்டுப் படவில்லை.

"அய்யா, உள்ள ஆள் இருக்குய்யா!"

"எனக்குத் தெரியும். எந்திரிங்கறேன்."

வாளி உருளும் சத்தம் கேட்டது. சிவசங்கரிக்குக் கொதித்தது. வெளியே போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றியது. போயிருக்கலாம். ஆனால் மறுநாள் வரப்போகும் நெல்லை நினைத்து, பியூஸ்தான் நம்மிடம் இருக்கிறதே என்று துடைப்பத்தை எடுத்தாள்.

மணி அடித்தது. பூசாரி என்னவோ சொன்னார். பூசணிக்காய் உடைந்தது. அடுத்து மெஷினை ஒரு சுற்றாவது ஓட விட வேண்டும். நல்ல நேரத்தில் ஓடினால்தான் வருசம் முழுக்க ஓடும் என்பது வழக்கம். முன்பக்கத்து வாய்க்குக் கீழே நெல் அளக்கிற பித்தளைப் பறையைத் தென்னம்பூ சொருகி வைத்திருந்தார்கள். மெஷின் ஓடியதும் மெம்பர் கையால் அதில் முதல் நெல்லைக் கொட்டுவது ஏற்பாடு. மெயின் ஏறும் சத்தம் கேட்டது. பச்சைப் பொத்தானை யாரோ அமுக்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார்கள். அப்புறம் கையால் குத்துகிற சத்தம்.

உள்ளே சிவசங்கரி சிரித்துவிட்டாள். மூக்கில் கட்டிய துணிக்குள் தூசி போய்த் தும்மல் வந்தது. பட்டுச்சட்டையும் அத்தனை பெரிய மனிதர்களும் மேளமும் சேர்ந்து ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டுகிறார்கள். குத்தட்டும், நன்றாகக் குத்தட்டும்.

"கரண்ட் இல்லைங்களா?" யாரோ கேட்டார்கள்.

"சீரியல் லைட் எரியுதுல்ல? கரண்ட் இருக்குது," என்றது மெம்பரின் குரல். "எனக்கு நேரமாகுது அருளு."

"ஒரு நிமிசமுங்க. பியூஸைப் புடுங்கி வச்சிருக்கறா." அப்புறம் குரல் வேறு பக்கம் திரும்பியது. "டேய் வினோ, இங்க வா. வயர் இருக்குதா?"

வினோ, பூசைக்கு சீரியல் லைட் கட்ட வந்தவன்.

"இருக்குதுங்கண்ணா."

"பியூஸ் எடத்துல வயரை வச்சு டைரக்டா குடு."

சிவசங்கரியின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது.

"உள்ள யாராச்சும் இருக்காங்களாண்ணா?" என்று வினோ கேட்டான். கேட்டான் என்பதற்காகவாவது அவனைக் கும்பிடலாம்.

"யாரும் இல்ல. நீ குடு. நல்ல நேரம் போகுது."

அவள் கத்தினாள். "ஏனுங்க! நான் உள்ள இருக்கறனுங்க!" ஸ்பேனரை எடுத்துத் தகரத்தில் அடித்தாள். அதே நேரத்தில் செண்டை உச்சத்துக்கு ஏறியது. மேளம் அடிக்கிற இடத்தில் உள்ளேயிருந்து ஒருத்தி தகரத்தைத் தட்டுவது தாளத்தோடு தாளமாகப் போய்விட்டது. கதவு முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்ப இடமில்லை. திருகின்மேல் கால் படாமல், முழங்கையை ஊன்றிப் பின்னால் நகர்ந்தாள். பெற்ற பிள்ளைகளை நினைக்கவில்லை, சாமியை நினைக்கவில்லை. அந்த ஆளின் பட்டுச்சட்டைதான் கண்ணுக்குள் நின்றது. அதை நினைத்துக்கொண்டா சாக வேண்டும் என்றுதான் ஆத்திரமாக வந்தது.

இடுப்பு கதவைத் தாண்டியபோது வெளியேயிருந்து இரண்டு கைகள் அவளைக் கட்டிப் பிடித்து இழுத்தன. ராமுத்தாய். சமையற்கட்டுக்குப் போகச் சொன்னால் போய்விடுகிற ஆளா அவள்? சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடி வந்திருந்தாள்.

"வா தாயி, வா, வா..."

திருகு உறுமிக்கொண்டு சுற்றியது. கடைசியாக வெளியே வந்துகொண்டிருந்த இடது காலை அவள் உதறி இழுத்தாள். கால் வந்தது. செருப்பு வரவில்லை. இரண்டு பெண்களும் ஒருத்திமேல் ஒருத்தியாக மண்ணில் விழுந்தார்கள்.

முன்பக்கம் கைதட்டல் கேட்டது. பச்சையும் மஞ்சளுமாக டிரையர் குலுங்கிக் குலுங்கி ஓடுவதை எல்லோரும் பார்த்து ரசித்தார்கள். மெம்பர் நெல்லை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு பறைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் கொட்டுவதற்கு முன்னால் டிரையரே கொட்டியது. முதலில் தூசி. அப்புறம் ரப்பர் துண்டு ஒன்று. அப்புறம் நீல வார் ஒன்று, குதிகால் பாகம் ஒன்று. தென்னம்பூவுக்குப் பக்கத்தில், பித்தளைப் பறையில், ஒரு பெண்பிள்ளைச் செருப்பு துண்டு துண்டாக வந்து விழுந்தது.

மேளம் தானாக நின்றது. வினோதான் முதலில் புரிந்துகொண்டான். ஓடிப்போய் மெயினை இறக்கினான்.

சிவசங்கரி டிரையரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். தலை முதல் கால் வரை தூசி, ஒரு காலில்தான் செருப்பு, முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். அவளைப் பார்த்ததும் யாரோ "முருகா" என்றார்கள். அருள்குமார் அவளைப் பார்த்தார். பறையைப் பார்த்தார்.

"சாமி காரியத்துல செருப்பா?" என்றார்.

கட்டின பெண்டாட்டி செத்துப் பிழைத்து வந்து நிற்கிறாள். அவர் வாயில் வந்த முதல் வார்த்தை அது. பூசாரிக்கே சங்கடமாகிப் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டார்.

"நான் உள்ள இருக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?" என்று சிவசங்கரி கேட்டாள். கத்தவில்லை.

"நீ வெளிய வந்திருப்பீன்னு நெனச்சேன்."

"உள்ள யாரும் இல்லைன்னு இந்தப் பையங்கிட்டச் சொன்னீங்க."

அருள்குமார் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். "ஒரு சுத்துதான சங்கரி? போட்டதும் நிறுத்தறதுதான? அதுக்குள்ள என்ன வந்துரும்? இப்ப உனக்கு என்ன ஆச்சு? நல்லாத்தான நிக்கற?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ராமுத்தாய் காறித் துப்பினாள். அதை யாரும் கண்டிக்கவில்லை.

சிவசங்கரி பேனலுக்குப் போனாள். பியூஸ் இருந்த இடத்தில் முறுக்கி வைத்த வயர் அப்படியே இருந்தது. மெயின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நாளைக்கு நெல்லு வருதுங்க. உள்ள பாதிதான் கூட்டியிருக்கறேன். மிச்சத்தை நீங்க போயிக் கூட்டிட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான். பின்னாடி கதவு திறந்தேதான் இருக்குது, துடைப்பம் உள்ள கெடக்குது. நீங்க எறங்குங்க. ஸ்விட்சுகிட்ட நான் நிக்கறேன்."

அருள்குமார் மெம்பரைப் பார்த்தார். மெம்பர் தன் கையிலிருந்த நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடசேகரத்து ஆட்கள் அத்தனை பேரும் அருள்குமாரையே பார்த்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பின்பக்கம் போகிற மாதிரி நடந்தார். டிரையரின் மூலை வரை போய் நின்று, அவள் கை இருக்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேலே போகவில்லை.

"மணிகண்டனுக்கு ஃபோன் போடறேன். இப்பவே வந்துருவான்."

"மணிகண்டன் எதுக்குங்க? நீங்க எறங்குங்க."

"அந்த வயரை மொதல்ல எடுக்கச் சொல்லு சங்கரி." குரல் இறங்கி, கிட்டத்தட்டக் கெஞ்சலாகிவிட்டது. "நான் உள்ள இருக்கையில நீ தெரியாமக் கை வச்சுட்டீன்னா?"

"வச்சா என்னங்க ஆகும்?"

அவருடைய பட்டுச்சட்டையின் கழுத்து நனைந்து ஒட்டிக்கொண்டதை முன்வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

"அப்ப என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரிஞ்சேதான் இருந்திருக்குது," என்றாள் சிவசங்கரி.